முகத்துக்குச் சரி, எண்ணுக்கு வேண்டாம்: சிக்னலின் ப்ளர் வசதி

பள்ளி விழா, ஊர்க்கூட்டம் என்று அடுத்தவர் முகங்களும் சேர்ந்து விழும் படங்களைப் பொதுவில் போடும் முன் முகம் மறைக்க, சிக்னல் என்ற மெசேஜ் செயலியின் ப்ளர் (மங்கலாக்கும் வசதி) நல்ல கருவி. காசு கிடையாது. 2020 ஜூனில், அமெரிக்காவில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதைக் கண்டித்து ஊர்வலங்கள் நடந்தபோது வந்த வசதி இது. முகம் தேடும் வேலை போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்காகப் படம் எந்த சர்வருக்கும் போவதில்லை. கணக்குத் தொடங்க போன் நம்பர் கேட்பதுதான் குறை.

யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் 'நோட் டு செல்ஃப்' உரையாடலில் படத்தைத் தேர்ந்தெடுத்து, ப்ளர் ஐகானைத் தொட்டு, முகங்களை மறைக்கும் சுவிட்சைப் போடுங்கள். நேராகப் பார்க்கும் முகங்கள் மறையும். பக்கவாட்டில் திரும்பியவர்கள், மாஸ்க் போட்டவர்கள், பின்வரிசையில் சின்னதாகத் தெரிபவர்கள் தப்பிவிடக்கூடும். படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பார்த்து, விட்டதை விரலால் தேயுங்கள். கண்ணாடியில் விழுந்த பிம்பத்தையும், சீருடையிலுள்ள பள்ளிப் பெயரையும் எந்த சுவிட்சும் கண்டுபிடிக்காது.

ஆதார் எண், வண்டி நம்பருக்கு மட்டும் ப்ளரை நம்பாதீர்கள். 0 முதல் 9 வரை இருப்பது பத்தே இலக்கம், எழுத்துருவும் தெரிந்தது. ஒவ்வொரு இலக்கத்தையும் அதேபோல மங்கலாக்கி ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். அதே திரையில் வரையும் பேனாவைத் தடிமனாக்கி, கறுப்பால் இடைவெளியின்றி அடியுங்கள். ஹைலைட்டர் ஆகாது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலிருப்பது தெரியும். வெட்டி எடுப்பதும் நல்லதுதான், ஆனால் கூகுள் பிக்சல் போன்களின் 'மார்க்கப்' கருவியில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் மீதிப் பகுதி கோப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது 2023 மார்ச்சில் அம்பலமானது. இப்போது திருத்திவிட்டார்கள். அதற்கு முன் வெட்டிப் பகிர்ந்த படங்களுக்கு அந்தத் திருத்தம் உதவாது.

படமாக அனுப்பினால், எடுத்த இடத்தைச் சொல்லும் எக்ஸிஃப் தகவலை சிக்னல் நீக்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பும் அப்படியே. ஆனால் "கிளாரிட்டி குறையும், டாக்குமென்டா அனுப்புப்பா" என்று கேட்டு வாங்கும் கல்யாணப் படங்களில், கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகையும் கூடவே போகும். டாக்குமென்டாகத்தான் அனுப்ப வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டில் ஸ்கிராம்பிள்ட் எக்ஸிஃப் செயலிக்கு முதலில் 'ஷேர்' செய்தால் அதைக் கழற்றித் தரும். ஐபோனில் ஷேர் திரையின் மேலேயுள்ள 'ஆப்ஷன்ஸ்'-இல் 'லொகேஷன்' சுவிட்சை அணைத்தால் போதும்.

மறைத்த படத்தை சிக்னலில் சேமித்தாலும் அசல் கேலரியில் அப்படியே இருக்கும். பதிவேற்றும்போது சின்ன முன்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், அவசரத்தில் அசலைத் தொட்டுவிடுவது சுலபம். அசலை முதலில் வேறு ஆல்பத்துக்கு நகர்த்திவிடுங்கள்.