ஆக்டேவியா ஆர்எஸ் 230: டர்போ போனால் எதை மாட்டுவது?

டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் பாகம்) போய்விட்டது என்று மெக்கானிக் சொன்ன அன்றைக்கே ஒரு ஆசையும் கூடவே வந்துவிடும். எப்படியும் கழற்றப் போகிறோம், பெரியதாகவே மாட்டிவிட்டால் என்ன? ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருப்பவருக்கு இந்த ஆசை வருவதில் தவறே இல்லை. 2017-ல் இந்தியாவுக்கு வந்த இந்தக் காரின் 2.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் இருப்பது ஐஎச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்20 டர்போ. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரில் இருப்பது அதைவிடப் பெரிய ஐஎஸ்38. பெரிய வெட்டு வேலை ஏதும் இல்லாமல் ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்துவிடும்.

ஆனாலும் தினசரி ஓட்டும் காருக்கு நான் புது ஐஎஸ்20-ஐத்தான் சொல்வேன். இரண்டு கார்களின் கம்பெனி கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்எஸ் 230-ல் 350 என்எம் டார்க் (இழுவிசை) 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைத்து, 4,600 வரை நிற்கும். கோல்ஃப் ஆரில் 380 என்எம் கிடைக்க 1,800 வரை காத்திருக்க வேண்டும். பதிலுக்கு அது 5,500 வரை தளராமல் இழுத்து 300 பிஎஸ் கொடுக்கும். 300 ஆர்பிஎம் வித்தியாசம் காகிதத்தில் சின்னது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து மறுபடி மிதிக்கும்போது, அந்த உடனடி பிக்கப் இருப்பதும் இல்லாததும் காலுக்கே தெரியும். நீண்ட நேர் பாதையிலும் ரேஸ் டிராக்கிலும் கதை மாறும். 5,000-க்கு மேல் ஐஎஸ்20 மூச்சு வாங்கும் இடத்தில்தான் ஐஎஸ்38 விழித்துக்கொள்ளும்.

அந்த விழிப்புக்கும் டர்போ மட்டும் போதாது. எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவை ட்யூன் செய்யாமல் ஐஎஸ்38 மாட்டினால் காசுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. கோல்ஃப் ஆரின் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பது) 9.3, நம் எஞ்சினில் 9.6. பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, ஏற்றும்போது எஞ்சின் 'நாக்' அடிக்கும் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டும்) எல்லைக்கு நாம் சீக்கிரம் போய்விடுவோம் என்று அர்த்தம். நல்ல ஆக்டேன் பெட்ரோல் எப்போதும் கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கியர்பாக்ஸ். நம் காரில் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) முதலில் 350 என்எம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ட்யூன் செய்த ஐஎஸ்38 அதைத் தாராளமாகத் தாண்டும். கோல்ஃப் ஆருக்கு நாலு சக்கரமும் இழுக்கும், நமக்கோ முன் சக்கரம் இரண்டுதான். இத்தனையும் சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் பின்னால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல்.

இறக்குமதி விலைக்குப் பயந்து பழைய ஐஎஸ்38 தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரம்ப காலத்தில் வந்தவற்றுக்கு, பூஸ்ட் ஏற்றினால் ஷாஃப்ட் போய்விடும் என்ற கெட்ட பெயர் உண்டு. பிறகு திருத்தப்பட்டவை வந்தன. பார்ட் நம்பரின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஐஎஸ்20 கூட்டுக்குள்ளேயே பெரிய காற்றாடிச் சக்கரங்களைப் பொருத்திய 'ஹைப்ரிட்' டர்போக்களும் உண்டு. செய்தவரின் கைவேலையை நேரில் அறிந்தவர்களுக்கு மட்டும் அது சரி.

மிச்சம் இருப்பது ரீபில்ட்: நடுவிலுள்ள ஷாஃப்ட்டும் பேரிங்கும் சேர்ந்த கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது. இதுதான் மலிவு, சில நேரம் போதுமானதும்கூட. கூடு நன்றாக இருந்து ஷாஃப்ட்டில் மட்டும் ஆட்டம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஒரே கேள்வி, அதிவேக பேலன்ஸிங் செய்து ரிப்போர்ட் கொடுக்கிறார்களா என்பது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் இது. இம்மி எடை பிசகினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையை டர்போவைத் தவிர்த்து வெளியேவிடும் கதவு) ஓட்டையைச் சுற்றி விரிசல் கண்டிருந்தால் ரீபில்ட் யோசனையையே விட்டுவிடுங்கள்.

எதை மாட்டினாலும் பழையது ஏன் செத்தது என்று தெரியாமல் மாட்டாதீர்கள். எண்ணெய் வரும் குழாயில் கரி அடைத்திருந்தால் புதியதும் அதே வழியில் போகும். காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் உடைந்திருந்தால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றித் துகள் இல்லாமல் கழுவ வேண்டும். மாட்டிய பிறகு, ஸ்டார்ட் ஆகவிடாமல் எஞ்சினைச் சில நொடி சுற்றவைத்து எண்ணெய் மேலேறச் செய்யுங்கள். வேஸ்ட்கேட்டை இயக்குவது மின் மோட்டார் என்பதால் ஸ்கேனர் வைத்து அதன் அளவை மறுபடி பதிய வைத்தாக வேண்டும். அது முடியும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள்.