மஞ்சள் கண்ட பிள்ளைக்கு ராத்திரிப் பால்: எழுப்பிக் கொடுப்பதா, அழட்டும் என்று விடுவதா?

பிறந்த இரண்டு மூன்று நாளில் முகத்தில் லேசாக மஞ்சள் தட்டுவது நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் நடப்பதுதான். நாலைந்து நாளில் ஏறி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே இறங்கிவிடும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "லேசான மஞ்சள்தான், நீல விளக்குக்குக் கீழே வைக்க வேண்டாம், தாய்ப்பாலை நல்லா குடுங்க" என்று டாக்டர் அனுப்பி வைத்த பிறகு வீட்டில் மிஞ்சுவது ஒரே கேள்வி. பகலில் ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தூளியில் போட்ட பிள்ளை மூன்று மணி வரை அசையாமல் தூங்கினால் என்ன செய்வது?

மன்னார்குடிப் பக்கம் என் அம்மா வீட்டில் மூன்று வழிகள் பேசப்பட்டன. பசித்தால் அழும், அப்போது கொடு என்பது ஒன்று. ராத்திரிக்கு மட்டும் பவுடர் பால் என்பது இன்னொன்று. அலாரம் வைத்து எழுப்பிக் கொடுப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவது வழியில் போனோம். எழுதுவதும் அதன் பக்கம் நின்றுதான்.

சீனித்தண்ணி, குளுக்கோஸ் தண்ணி, கழுதைப்பால் எதையும் இந்த அலசலில் சேர்க்கவில்லை. தண்ணீர் மஞ்சளைக் குறைக்காது; சின்ன வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைத்தான் குறைக்கும். காலை வெயில் விஷயம் கொஞ்சம் வேறு. 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருந்ததை ஒரு செவிலியர் கவனித்தார். நீல விளக்குச் சிகிச்சைக்கு அதுதான் தொடக்கம். ஆகவே பெரியவர்கள் சொல்வதில் ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயிலை அளந்து கொடுக்க முடியாது, பச்சை உடம்பு தாங்காது. அதை நம்பிப் பால் கொடுப்பதைத் தளர்த்தக் கூடாது.

பவுடர் பாலைப் பற்றி என் கைப்பட்ட அனுபவம் கிடையாது. தாய்க்குப் பால் ஊறத் தாமதமாகி, பிள்ளையின் எடை கூடுதலாக இறங்கினால் சில நாளைக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லாமல், தாய் தூங்கட்டும் என்பதற்காக மட்டும் ராத்திரிப் பாலைப் பவுடருக்கு மாற்றுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். அந்த நேரத்தில் பிள்ளை உறிஞ்சாவிட்டால் பால் கட்டும், பிறகு சுரப்பே குறையும். பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை என்றால், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டுவதுதான் முதலில் செய்ய வேண்டியது.

இனி 'அழும்போது கொடு'. என் அம்மாயி சொன்னது இதைத்தான்: "பசிச்சா புள்ள அழுவும்டி, தூங்குற புள்ளய எழுப்பாத." மஞ்சள் இல்லாத, எடை ஏறிக்கொண்டிருக்கிற குழந்தைக்கு அந்தப் பேச்சு முழுக்கச் சரி. மஞ்சள் கண்ட பிள்ளையிடம் அது பலிப்பதில்லை. மஞ்சளே பிள்ளையை மந்தமாக்கிவிடும். மந்தமான பிள்ளை குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் மஞ்சள் ஏறும், ஏறினால் இன்னும் தூங்கும். தவிர, அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே வாயைச் சப்புக்கொட்டும், கையை வாய்க்குக் கொண்டு போகும். இருட்டில் தூளிக்குள் கிடக்கும் பிள்ளை அப்படிச் செய்வதை யார் பார்ப்பது? அந்த நாட்களில் தூளியைச் சுருட்டி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தனி விரிப்பில் போட்டோம். ஆட்டம் இல்லாததால் தூக்கமும் அவ்வளவு ஆழமாக இல்லை.

எங்களை அலாரம் பக்கம் தள்ளியது ஒரே காரணம்: மஞ்சள் வெளியேறும் வழி. பிறந்த குழந்தையின் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபின்தான் அந்த மஞ்சள். முதிராத ஈரல் அதை மெதுவாகப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். மலத்தோடு வெளியே போக வேண்டும். முதல் நாட்களில் போகும் கருப்பு மலத்திலேயே அது நிறைய இருக்கிறது. மலம் குடலில் தங்கினால் பிலிருபின் பிரிந்து, குடல் வழியாக மறுபடி ரத்தத்துக்கே ஏறிவிடும். வயலில் தண்ணீர் பாய்ந்தால் மட்டும் போதாது, வடிகால் ஓட வேண்டும் என்பது ஐப்பசி மழையில் சம்பாவைக் காப்பாற்றிய எவருக்கும் புரியும். குடலைத் தள்ளிவிடுவது பால்தான், அதிலும் சீம்பால். 24 மணி நேரத்தில் 8 முறைக்கு மேல் குடித்த குழந்தைகளுக்கு மூன்றாம் நாளில் பிலிருபின் குறைவாக இருந்ததை 1982-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இன்றும் டாக்டர்கள் சொல்வது 8 முதல் 12 முறை. ராத்திரியில் ஐந்து மணி நேரத்தை விட்டுவிட்டால் அந்தக் கணக்கைப் பகலில் ஈடுகட்டுவது மிகக் கடினம்.

அதனால் பத்தரை, ஒன்று, மூன்றரை, ஆறு என்று வைத்தோம். எழுப்புவதும் லேசான வேலையில்லை. சுற்றியிருக்கும் துணியைப் பிரித்து, ஈரத்துணி மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்துவிட்டு, வெறும் உடம்போடு நெஞ்சில் போட்டுக்கொண்டால் கண் திறக்கும். நாலு வாய் குடித்ததும் மறுபடி சொக்கும். மார்பை மெல்ல அழுத்திக் கொடுத்தால் பால் பீறிட்டு, விழுங்க ஆரம்பிக்கும். விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். வாயில் வைத்துக்கொண்டு சும்மா கிடப்பது குடித்ததாகாது.

பலன் தெரிவது காலையில். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா இரண்டு கோடு கிழித்து, ஒன்றுக்கு ஒருபக்கம், வெளிக்குப் போவது ஒருபக்கம் என்று குறித்து வந்தார். நாலைந்தாம் நாளுக்குள் கருப்பு மாறி, பச்சையாகி, மஞ்சள் மலமாக நாளுக்கு மூன்று நாலு முறை போக வேண்டும். ஈரத்துணி ஆறுக்குக் குறையக் கூடாது. தோலின் நிறத்தைவிட நான் அந்தத் தாளைத்தான் நம்பினேன். மாநிறப் பிள்ளைகளின் தோலில் மஞ்சள் சரியாகத் தெரியாது, பல்பு வெளிச்சத்தில் ஏமாற்றும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

அலாரத்தின் சுமை தாயின் தூக்கம். அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. தையல் வலியோடு இரண்டரை மணிக்கொரு முறை உட்காருவது சித்திரவதைதான். வீட்டில் இன்னொருவர் எழுந்து துணி மாற்றி, பிள்ளையை எழுப்பி மடியில் கொடுத்து, பிறகு ஏப்பம் விட வைத்துப் படுக்கப்போட வேண்டும். பத்தியம் என்ற பேரில் தாய்க்குத் தண்ணீரை மறுக்காமல் ஒரு செம்பு பக்கத்தில் வைக்க வேண்டும். இந்த ஒத்தாசை இல்லாத வீட்டில் எழுப்பிக் கொடுக்கும் வழியை ஒருத்தி மட்டும் தாங்க முடியாது. என் வீட்டில் அது நடந்தது அம்மாவாலும் என் கணவராலும்தான்.

இது நிறைமாதப் பிள்ளைக்கு, சோதித்துப் பார்த்து 'லேசு' என்று சொல்லப்பட்ட மஞ்சளுக்குப் பொருந்தும் அனுபவம். குறைமாதப் பிள்ளைக்கும், தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை ஒத்துப்போகாத இடத்திலும் இதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், எழுப்பியும் குடிக்காவிட்டாலும், உடம்பை வில்லாக வளைத்துக் கீச்சென்று அழுதாலும், காய்ச்சல் வந்தாலும் வீட்டில் எந்த வழியையும் யோசிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போலப் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் இடத்துக்கு உடனே போக வேண்டும். சிறுநீர் துணியில் அடர் மஞ்சளாகக் கறை பிடித்தாலோ, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தாலோ ஈரலைப் பார்க்க வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

பிறந்தபோது இருந்த எடையைப் பிள்ளை மறுபடி எட்டி, கண்ணில் மஞ்சள் வடிந்து, "இனி எழுப்ப வேண்டாம்" என்று டாக்டர் சொன்ன பிறகே அலாரத்தை எடுத்தோம். பெரும்பாலான குழந்தைகள் அந்த எடைக்கு இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகும் மஞ்சள் நீடித்தால், பிள்ளை நன்றாகக் குடித்து எடை ஏறினாலும், ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வேறு கோளாறு இல்லை, தாய்ப்பால் குடிப்பதாலேயே நீடிக்கும் 'தாய்ப்பால் மஞ்சள்'தான் என்று தெரிந்தால் பாலை நிறுத்தத் தேவையில்லை, அழும்போது கொடுக்கும் வழிக்கே மாறிக்கொள்ளலாம்.