சாந்திவனத்தில் மூன்று இரவுகள்: யார் போகலாம், எப்படித் தங்கலாம்

நம் பங்குக் கோவில்களில் தியானம் என்றால் பந்தல், ஒலிபெருக்கி, காலை முதல் இரவு வரை பிரசங்கம். அதே நினைப்போடு குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம் என்ற சச்சிதானந்த ஆசிரமத்துக்குப் போகிறவர் முதல் நாளே திகைத்துப்போவார். அங்கே நாளை நிரப்பித் தர ஆள் கிடையாது. ஓய்வுக்காகப் போகிறவருக்கு அதுதான் பெரிய வரம்.

காவிரிக் கரையில் இந்த இடத்தை 1950-இல் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக் குருக்கள் மோன்ஷனேனும் லெ சோவும். 1968-இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் பொறுப்பேற்றார். 1993-இல் இறக்கும்வரை இதுவே அவர் வீடு. 1980-இல் ஆசிரமம் பெனடிக்ட் துறவு சபையின் கமால்டோலிக் கிளையோடு இணைந்தது. தங்கப்போகிறவர் இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பகலெல்லாம் தனிக் குடிசை, செபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கூட்டுவாழ்வு என்பது அந்தக் கிளையை 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய புனித ரோமுவால்து காட்டிய வழி. சாந்திவனத்தின் ஒழுங்கிலும் அதுதான் ஓடுகிறது.

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பொதுச்செபம். சூரியன் எழும்போதும் சாயும்போதும் தியானத்துக்கு ஒரு மணி நேரம். சைவச் சாப்பாடு, தரையில் அமர்ந்து பேச்சில்லாமல் சாப்பிட வேண்டும். செபத்தில் காலை சந்தனம், நண்பகல் குங்குமம், மாலை திருநீறு தருவது இங்குள்ள மரபு. ஆரத்தியும் சமஸ்கிருத மந்திரங்களும் உண்டு. சாம்பல் புதனுக்கு நெற்றி காட்டும் கத்தோலிக்கருக்கே இது முதலில் உறுத்தலாம், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபையினருக்கு இன்னும் அதிகமாக உறுத்தும். அது மனதை அரிக்குமென்றால் வேறு இடம் தேடுவதே நல்லது. ஓய்வெடுக்கப் போன இடத்தில் உள்ளுக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் ஓய்வு ஏது?

இரண்டு இரவுக்குக் குறைவாகத் தங்குவதில் பயனில்லை. மூன்று இரவு சரியான அளவு. முதல் நாள் உடம்பு தூங்கத்தான் கேட்கும். தூங்கட்டும். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் அறிவுரை சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தார். அவர் சாப்பிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறை சாப்பிட்ட பிறகுதான் ஓரேபு மலைக்குப் புறப்பட்டார். ஆகவே முதல் நாளில் உபவாசம் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பிற நாட்களிலும் வேளை தவறக்கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் ‘செபம் போதும்’ என்று அதை நிறுத்தவே கூடாது. நோய் முற்றிய நிலையில் இருப்பவருக்கு நீண்ட மௌனம் பாரத்தைக் கூட்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

சிக்கல் வருவது இரண்டாம் நாள் நண்பகலில். தூக்கம் தீர்ந்திருக்கும், கை சும்மா இருக்கும், கைபேசி நினைவு வரும், ‘கிளம்பிவிடலாமா’ என்று தோன்றும். நாலாம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாகிரியுஸ் இதற்கு நண்பகல் பேய் என்றே பெயர் வைத்தார். சூரியன் நகராததுபோல் இருக்கும், பகல் ஐம்பது மணி நேரமாக நீளும், துறவியின் கண் ஜன்னலுக்கே போகும் என்று அவர் எழுதியது இன்றைக்கும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. தப்பு உங்களிடமும் இல்லை, இடத்திடமும் இல்லை. மாதக்கணக்கில் ஓடிய மனம் நிற்கும்போது எழும் ஓசை அது. அந்த நேரத்தில் முழங்காலில் நின்று மல்லுக்கட்டாதீர்கள். காய் நறுக்கும் இடத்தில் போய் உட்காருங்கள், துணி துவையுங்கள், வெயில் தாழ்ந்தபின் ஆற்றங்கரையில் நடங்கள். பெரும்பாலும் மாலைச் செபத்துக்குள் அடங்கிவிடும்.

தியான நேரத்தில் பலர் தோற்பது கால் மரத்துப்போவதால். போர்வையை மடித்து மூன்று, நான்கு அங்குல உயரமாக்கி அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். தட்டைப் பாயில் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கூன் விழும். மணி நேரம் முழுக்க முடியாதவர் குடிசையில் 25 நிமிடம் அமர்ந்து, 10 நிமிடம் மெல்ல நடந்து, மீண்டும் 25 நிமிடம் அமரலாம். சொல்வதற்கு, பீட் கிரிபித்ஸ் பல்லாண்டுகள் சொல்லிவந்த இயேசு செபம் போதும்: ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே’ என மூச்சை இழுத்து, ‘பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்’ என விடுங்கள். மூச்சை வலிந்து நீட்டினால் தலை கனக்கும். மூச்சின் போக்குக்குச் சொல் போகட்டும்.

கைபேசியை அடியோடு அணைத்துவிட்டு வீட்டை நினைத்துத் தவிப்பதைவிட, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவைப்பது மேல். இரவில் தொடவே வேண்டாம்.

குறை என்று சொன்னால் ஒன்று உண்டு. வெளிநாட்டு விருந்தினர் அதிகம் வரும் குளிர்கால மாதங்களில் தேநீர் வேளைப் பேச்சு நீளும். மௌனத்தை யாரும் காவல் காக்க மாட்டார்கள், நீங்களேதான் காக்க வேண்டும். தினமும் ஒரு வழிகாட்டி அமர்ந்து கேட்க வேண்டும், செபத்துக்கு விவிலியப் பகுதி தர வேண்டும் என்பவர்களுக்கு இயேசு சபையாரின் எட்டு நாள் இஞ்ஞாசியார் தியானம் பொருத்தம். வாழ்க்கையில் பெரிய முடிவெடுக்கும் கட்டத்தில் இருப்பவர்களை அங்கேதான் அனுப்ப வேண்டும்.

திருச்சியிலிருந்து கரூர் பேருந்தில் வரலாம். ரயிலென்றால் குளித்தலையில் இறங்கி ஆட்டோ. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். காணிக்கை எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பருத்தி விரிப்பு, டார்ச், கொசுவுக்குக் களிம்பு, சட்டென்று கழற்றும் செருப்பு, ஒரு விவிலியம், ஒரு நோட்டு. வேறு புத்தகம் எடுத்தால் நண்பகலில் அதற்குள் ஒளிந்துகொள்வீர்கள்.

ஞாயிறு இரவு வீடு சேர்ந்து திங்கள் காலை வேலைக்கு ஓடும்படி திட்டமிடாதீர்கள், அரை நாள் இடைவெளி விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக மூன்று வேளைச் செபத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். அது மாலையாக இருக்கட்டும்: விளக்கேற்றும் நேரம், பத்து நிமிடம், அதே மடித்த போர்வை.