ஒரு லீற்றர் அளவு ஜக்: மில்லிலீற்றர் பக்கம் திறம், அவுன்ஸ் பக்கம் வேண்டாம்

திருகோணமலை மத்திய வீதிப் பாத்திரக் கடைகளில் ஒரு பக்கம் மில்லிலீற்றரும் மறுபக்கம் அவுன்ஸும் அச்சிட்ட பிளாஸ்ரிக் ஜக் ஒன்று கிடைக்கிறது. அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துக் கேக் அடிப்பவர்கள் அவுன்ஸ் பக்கத்துக்காகவே இதை வாங்குகிறார்கள். பிழை வருவதும் அங்கேதான்.

20 அவுன்ஸ் கோடு எந்த மில்லிலீற்றருக்கு நேரே நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்க அளவென்றால் 591. இந்த ஜக்கில் 570ஐக்கூடத் தொடவில்லை. ஆக, இது பிரித்தானிய அவுன்ஸ்: ஒன்று 28.41 மில்லிலீற்றர்; அமெரிக்க அவுன்ஸோ 29.57. பைன்ட் என்று வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. அமெரிக்கப் பைன்ட் 16 அவுன்ஸ், 473 மில்லிலீற்றர். பிரித்தானியப் பைன்ட் 20 அவுன்ஸ், 568. பாலில் 95 மில்லிலீற்றர் கூடினால் கலவை தண்ணியாகி, கேக்கின் நடு வேகாமல் அமர்ந்துவிடும். எந்த நாட்டு அவுன்ஸ் என்று ஒரு சொல்லாவது போடாமல் விற்பது பெருங்குறை.

மில்லிலீற்றர் பக்கத்தில் குறையில்லை. வெறும் ஜக்கைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, 500 கோடுவரை தண்ணீர் ஊற்றினால் 498 கிராம் காட்டுகிறது. நம்மூர் வெக்கைக்கு அதுதான் சரியான நிறை. அமெரிக்கக் கப்புக்கு 237, அரைக் கப்புக்கு 118, நாலு கப் கொண்ட குவார்ட்டுக்கு 946 என்று இந்தப் பக்கத்திலேயே அளக்கலாம். கப்பை 250 என்று எடுத்தால் நாலு கப்பில் 54 மில்லிலீற்றர் கூடிவிடும். மில்லிலீற்றரை அவுன்ஸாக்க, சிறிய அளவுக்கு 30ஆல் வகுத்தாலே போதும். ஒரு லீற்றருக்கு அப்படிச் செய்தால் அரை அவுன்ஸ் குறையும், அங்கே 29.57ஆல் வகுக்கவேண்டும்.

தேனுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு கப் தேன் 8 திரவ அவுன்ஸ், தராசிலோ ஏறத்தாழ 12 அவுன்ஸ், 340 கிராம். குறிப்பு திரவ அவுன்ஸைச் சொல்கிறதா, நிறை அவுன்ஸைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

ஜக்கின் உள்ளகலம் 10 சென்ரிமீற்றர். கண் மட்டம் 2 மில்லிமீற்றர் பிசகினாலே ஒரு மேசைக்கரண்டி கூடிக் குறையும். வனிலா, எலுமிச்சம்பழச் சாறு போன்றவற்றுக்கு பாமசியில் வாங்கும் ஊசியில்லாச் சிரிஞ்ச்தான் சரி. ஒரு தேக்கரண்டிக்கு 5 மில்லிலீற்றர்.

கோடுகள் வெறும் மை அச்சு. தும்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும், பஞ்சால் கழுவுங்கள்.