கண்முன்னே திரண்ட வீழ்படிவு

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீழ்படிவு வினை, அதாவது இரு கரைசல்கள் கலக்கும்போது கரையாத திண்மம் உண்டாகிப் படிவது, பிடிபடவே இல்லை. சமன்பாட்டை மனப்பாடம் செய்தாள், அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்த வேதியியல் சோதனைப் பெட்டியை வாங்கினேன்.

மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் சலவைச் சோடாக் (சோடியம் கார்பனேட்) கரைசலை நாலு சொட்டு விட்டதும் தெளிந்த நீலம் கலங்கி, திரிந்த பால்போலத் திரண்டது. மெல்ல மெல்ல வெளிர்நீலப் படிவு அடியில் இறங்கியது. "அப்போ சோடியமும் சல்பேட்டும் எங்கேம்மா?" என்று கேட்டாள். மேலே நிற்கும் தண்ணீரில்தான், கரைந்தபடியே இருக்கின்றன! அந்தக் கேள்விக்கே கொடுத்த காசு தகும்.

சில்வர் நைட்ரேட்டை மட்டும் நிறமற்ற குப்பியில் அனுப்பியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் கெடக்கூடியது, பழுப்புக் குப்பியில்தான் தர வேண்டும். கையுறையும் இல்லை, மகளின் விரலில் கறுப்புக் கறை போக நாளானது.

அப்புறம் அந்தச் சில்வர் நைட்ரேட்டையே உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டோம். வெள்ளைப் படிவு சன்னலோர வெயிலில் சாம்பல் ஊதாவாக மாறியதை இருவரும் நகராமல் பார்த்தோம்.