உள்நுழைவு நூலகத்தைக் கோட்லினுக்கு மாற்றித் தந்த தென்காசிக் குழு: ஒரு மதிப்பீடு

பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளுக்காக நாங்கள் நடத்திவரும் ஆண்ட்ராய்டு செயலியின் உள்நுழைவு நூலகம் (பயனர் உள்நுழைவதைக் கவனிக்கும் நிரல்தொகுப்பு), முழுக்க ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கோட்லின் என்ற புதிய நிரல்மொழிக்கு மாற்றும் வேலையைத் தென்காசியில் இயங்கும் சிறு குழு ஒன்றிடம் ஒப்படைத்தோம்.

ஆரியங்காவு மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அது மீண்டும் கிடைத்த உடனே, தேங்கிக்கிடந்த பில் படம், வண்டியின் இருப்பிடம், சரக்கு விவரம் எல்லாம் ஒரே நேரத்தில் சர்வருக்குக் கிளம்பும். அதற்குள் அணுகல் டோக்கன் (உள்நுழைந்தவர் என்பதற்கான குறுகியகால அடையாளச் சீட்டு) காலாவதியாகியிருந்தால், ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியே ரெஃப்ரெஷ் டோக்கனைக் கொடுத்துப் புதியது கேட்கும். எங்கள் சர்வர் ஒவ்வொரு முறையும் ரெஃப்ரெஷ் டோக்கனையும் மாற்றிவிடுவதால், பழையதோடு இரண்டாவதாக வரும் கோரிக்கையைத் திருட்டு எனக் கருதி, பயனரையே வெளியேற்றிவிடும். நள்ளிரவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடவுச்சொல் கேட்டு அழைத்த ஓட்டுநர்களிடம் நானே பேசியிருக்கிறேன்.

குழுவினர் கோரூட்டீனும் (இடையில் நின்று காத்திருக்கக்கூடிய பணி) மியூடெக்ஸும் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அனுமதிக்கும் பூட்டு) கொண்டு இதைத் தீர்த்தனர். முதல் கோரிக்கை பூட்டை எடுத்து டோக்கனைப் புதுப்பிக்கிறது. மற்றவை காத்திருந்து, தங்கள் முறை வந்ததும் டோக்கன் ஏற்கெனவே மாறிவிட்டதா என்று பார்த்த பிறகே மேலே செல்கின்றன. ஜாவாவிலும் இதைச் செய்திருக்க முடியும். ஆனால் கால்பேக்குக்குள் (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு) கால்பேக்காகப் பின்னிக்கிடந்த பழைய நிரலில், பிழை எங்கே இருக்கிறது என்பதே எங்களுக்குப் புலப்படவில்லை.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் தானியங்கி மாற்றி விட்டுச்சென்ற இரட்டை ஆச்சரியக்குறிகளை (‘இந்த மதிப்பு வெற்றாக இருக்காது’ என்று உறுதிசொல்லும் !! குறி) ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எந்த மதிப்பு வெற்றாக (null) இருக்கலாம், எது வெற்றாக இருக்கவே கூடாது என்று எங்களைக் கேட்டே முடிவுசெய்தார்கள். அந்த உழைப்பு ஒன்றுக்காகவே கூலியை மனமாரக் கொடுக்கலாம். உள்நுழைவுப் பக்கமும், செயலிக்குள்ளேயே பக்கத்தைக் காட்டும் வெப்வியூவிலிருந்து, தொலைபேசியின் உலாவியைக் கொண்டே திறக்கும் கஸ்டம் டேப்ஸுக்கு மாறியது. 2017இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8252 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் வலியுறுத்துவதும் இதுபோன்ற வெளி உலாவியைத்தான்.

ஒரு குறை உண்டு. எங்கள் பழைய திரைகள் சில இன்னும் ஜாவாவில் இருக்கின்றன. கோட்லின் செயற்கூறு எந்த எக்ஸெப்ஷனை (பிழை அறிவிப்பை) எறியும் என்று ஜாவாவுக்கு அறிவிக்கும் த்ரோஸ் குறிப்பை விட்டுவிட்டதால், முதலில் வந்த பதிப்போடு அத்திரைகள் கம்பைல் ஆகவில்லை (இயங்கும் நிரலாக மாறவில்லை). இரண்டே நாளில் சரிசெய்தார்கள் என்றாலும், அனுப்புமுன் ஒருமுறை சோதித்திருக்க வேண்டும்.

புதிய டோக்கனைச் சுமந்து வரும் பதிலே சிக்னல் அறுந்து வழியில் தொலைந்துபோனால், ஓட்டுநர் இன்னமும் வெளியேற்றப்படுகிறார். செயலியின் பக்கம் மட்டும் இதைத் தீர்க்க இயலாது, பழைய டோக்கனைச் சிறிது நேரம் ஏற்கும்படி சர்வரையும் மாற்ற வேண்டும் என்று வேலையை ஏற்கும்போதே எழுதித் தந்திருந்தார்கள். அந்த மாற்றத்தை இப்போது நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.