உமிழ்வு வணிகம்: வடகிழக்கு மாநிலங்கள் வழியா, கலிபோர்னியா வழியா?

கரிமப் புகைக்கு விலை வைப்பதென்று முடிவெடுத்த பிறகு ஒரு மாநிலம் தடுமாறும் இடம், யாரிடம் வசூலிப்பது என்பதுதான். அமெரிக்காவிலேயே இரண்டு விடைகள் நடைமுறையில் உள்ளன. இரண்டிலும் மொத்தப் புகைக்கு உச்சவரம்பு வைத்து, ஒவ்வொரு டன் புகைக்கும் ஓர் அனுமதி என ஏலம் விடுகிறார்கள்; அனுமதியை வாங்கி விற்கலாம். இதுதான் உமிழ்வு வணிகம்.

யார் யார் அடக்கம்?
வடகிழக்கு (ஆர்ஜிஜிஐ என்ற, பல மாநிலங்களின் கூட்டுத் திட்டம், 2009 முதல்): 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அனல்மின் நிலையங்கள் மட்டும்.
கலிபோர்னியா (2013 முதல்): மின்சாரம், பெரிய ஆலைகள், 2015 முதல் பெட்ரோல், டீசல், எரிவாயு விநியோகமும்.

அனுமதியின் முதல் ஏல விலை, டன்னுக்கு
வடகிழக்கு: 3.07 டாலர் (2008).
கலிபோர்னியா: 10.09 டாலர் (2012).

வரும் பணம்
வடகிழக்கு: பெரும்பங்கு மின்சிக்கனத் திட்டங்களுக்கு.
கலிபோர்னியா: ஒரு பங்கு வீட்டு மின்கட்டண ரசீதிலேயே தள்ளுபடியாகத் தெரியும். மக்கள் கண்ணில் படுவதால் எனக்கு இது பிடிக்கிறது.

எல்லை தாண்டும் மின்சாரம்
என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். நியூயார்க் எரிவாயு மின்நிலையம் அனுமதி வாங்கியாக வேண்டும்; திட்டத்தில் இல்லாத பக்கத்துப் பென்சில்வேனியாவில் அதே மாதிரி நிலையத்துக்கு அந்தச் செலவில்லை. மலிவு மின்சாரம் கம்பி வழியே வந்துவிடும், புகை அங்கே எழும். கலிபோர்னியாவோ வெளிமாநில மின்சாரத்தைக் கொண்டுவருபவரிடமும் அனுமதி கேட்கிறது.

உறுதி
வடகிழக்கில் நியூஜெர்சி 2011 முடிவில் விலகி 2020இல் திரும்பியது. 2021இல் சேர்ந்த வர்ஜீனியா 2023 முடிவோடு விலகியது.
கலிபோர்னியா 2014இல் கனடாவின் கியூபெக்குடன் சந்தையை இணைத்துக்கொண்டது.

நிலக்கரி மின்சாரத்தைக் குறைப்பதே அவசரம், கண்காணிக்க ஆள் குறைவு என்றால் வடகிழக்கு வழி போதும். வாகனப் புகைதான் பெரும்பங்கு என்றால் கலிபோர்னியா வழி. அதில் பெட்ரோல் விலை ஏறும். ஆகவே ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் திரும்பும் ஏற்பாட்டைச் சட்டத்திலேயே முதலில் எழுதிவிட வேண்டும்.